ஊக்கு இருந்த பக்கம்

ஏலே, உன் கடிதம் வந்து இன்றோடு பன்னிரண்டு நாளாகிறது. நலமா என்று நான் கேட்கப்போவதில்லை. நீ நலமாக இல்லை என்பது உன் கையெழுத்திலேயே தெரிகிறது. எப்போதும் கோட்டுக்கு மேலே குந்திக்கொண்டிருக்கும் எழுத்து இந்த முறை கோட்டுக்குக் கீழே தொங்குகிறது. எஸ்.டி.டி. பூத்திலிருந்து உன்னைக் கூப்பிட்டுப் பேசிவிடலாம் என்றார் உன் அப்பா. கண்ணாடிக் கதவுக்கு வெளியே நாலு பேர் காத்து நிற்க, தலைக்கு மேலே மீட்டரில் சிவப்பு எண்கள் ஓட, இதையெல்லாம் பேச முடியாது. அதனால் எழுதுகிறேன். ரகசியமாக எழுதவில்லை. வீட்டுக் கூடத்தில், உன் அப்பா பேப்பர் படிக்கிற நாற்காலிக்கு எதிரிலேயே உட்கார்ந்து எழுதுகிறேன். இதை நீ யாரிடம் வேண்டுமானாலும் காட்டலாம். பூனாவில் உனக்கு வழிகாட்டும் பேராசிரியருக்குத் தமிழ் தெரியாது என்றால் வரிக்கு வரி இங்கிலீஷில் சொல்லு. ஒரு வரியையும் மென்று விழுங்காதே.

நீ எழுதியதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று முதலில் என் பாஷையில் சொல்லிப் பார்க்கிறேன். ஒரு பெரிய நட்சத்திரம் வெடித்துச் சிதறுகிறது. சிதறிய வாயு சுற்றி இருப்பதை எல்லாம் இடித்துத் தள்ளிக்கொண்டு ஆயிரக்கணக்கான வருஷங்களாகப் பரவுகிறது. அந்த இடியில் அது கோடிக்கணக்கான டிகிரி சூடேறி எக்ஸ்ரேயாக ஒளிர்கிறது. அந்த எக்ஸ்ரே நம் காற்றைத் தாண்டித் தரைக்கு வராது என்பதால் தொலைநோக்கியைச் செயற்கைக்கோளில் வைத்து மேலே அனுப்பியிருக்கிறார்கள். நேராகப் பட்டால் எக்ஸ்ரே கண்ணாடிக்குள் புகுந்து காணாமல் போய்விடும், மிகவும் சாய்வாக உரசிக்கொண்டு போனால்தான் திரும்பும். குறுக்குத்துறை ஆற்றில் நீ ஓட்டாஞ்சில்லைத் தண்ணீரின் மேல் தத்தவிட்டு விளையாடுவாயே, அந்த மாதிரி. நாங்கள் ஆளின் ஒரு பக்கத்தில் எக்ஸ்ரேயை விட்டு மறுபக்கத்தில் நிழலைப் பிடிக்கிறோம். உங்களுக்கு அந்தச் சிரமம் கூட இல்லை, நோயாளியே எக்ஸ்ரே விடுகிறார். இருபத்தொன்பது வருஷம் பாளையங்கோட்டையில் நெஞ்சையும் முட்டியையும் படம் எடுத்தவளுக்கு இவ்வளவு புரிந்தால் போதாதா?

அப்படிப்பட்ட ஒரு நட்சத்திரச் சிதறலின் படத்தில், வட்டத்துக்கு வெளியே, ஓரமாக ஒரு பிரகாசமான வில் இருப்பதைக் கண்டுபிடித்தாய். வெடித்தபோது உடைந்து, மற்றதையெல்லாம் முந்திக்கொண்டு ஓடிய துண்டு அது என்று கட்டுரை எழுதினாய். பத்திரிகையில் வந்தது. அடுத்த மேசையில் இருக்கும் ஒரிசாக்காரப் பெண் மமதா, உன் வில்லை நம்பி, அந்தத் துண்டு எந்த வேகத்தில் ஓடியிருக்கும் என்று இரண்டு வருஷமாகக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறாள். அதுதான் அவள் ஆராய்ச்சிப் பட்டத்துக்கே அடிப்படை. இப்போது, தொலைநோக்கியைக் கொஞ்சம் திருப்பி வைத்து எடுத்த இன்னொரு படம் உன் கைக்கு வந்திருக்கிறது. அதில் சிதறல் இருந்த இடத்திலேயே இருக்கிறது. வில் மட்டும் இடம் மாறிவிட்டது. அப்படியானால் வில் வானத்தில் இல்லை. பக்கத்தில் இருக்கும் வேறொரு பிரகாசமான பொருளின் எக்ஸ்ரே பக்கவாட்டில் புகுந்து, கண்ணாடியில் தப்பாகப் பட்டு, படத்தில் வந்து விழுந்திருக்கிறது. பேராசிரியரிடம் சொன்னாய். முதலில் உன் பட்டம் வரட்டும், வெளிநாட்டு வேலை உறுதியாகட்டும், அப்புறம் பார்க்கலாம் என்றார். நீயும் எனக்கு எழுதிவிட்டாய்: "பேசாம இருந்துரலாம்னு தோணுதும்மா. யாருக்கும் தெரியப் போறதில்ல."

இந்தக் கடைசி இரண்டு வரியைப் படித்துவிட்டு எனக்கு வந்த கோபத்தில் உன்னை நாலு அறை அறைய வேண்டும் போல இருந்தது. கோபம் உன்மேல் மட்டும் இல்லை. அது எப்படி என்று பைய சொல்கிறேன்.

நீ தப்புச் செய்ததில் எனக்குக் கோபமே கிடையாது. சொல்லப்போனால் உன் கடிதத்தை முதல் தடவை படித்தபோது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஒரு புள்ளி சந்தேகமாக இருந்தால் ஆளைத் திருப்பி நிறுத்தி இன்னொரு படம் எடுப்போம். ஆளோடு சேர்ந்து நகர்ந்தால் அது உடம்பில் இருக்கிறது, நகராவிட்டால் பிலிமில் இருக்கிறது. எனக்கு இதை டிப்ளமாவில் சொல்லிக்கொடுத்தார்கள். நீ யாரும் சொல்லாமல் செய்திருக்கிறாய். சூரிய கிரகணத்தன்று தெருவே என்னிடம் பழைய பிலிம் கேட்டு வந்து நின்றதும், ஏழு வயதில் நீ யாருடைய நெஞ்செலும்புக்கோ ஊடாகச் சூரியனைப் பார்த்துவிட்டு, "யம்மா, சூரியனுக்கு விலா எலும்பு இருக்கு" என்று கத்தியதும் உனக்கு ஞாபகம் இருக்காது. கண் கெட்டுப்போகும் என்று பிடுங்கி எறிந்தேன். அன்று ஆரம்பித்த புத்திதான் இன்று உன்னை அந்த இரண்டாவது படத்தை எடுத்துப் பார்க்க வைத்தது என்று என் பாட்டுக்கு நினைத்துக்கொண்டேன். பெண் கொடுக்க வருகிறவர்கள், "மாப்பிள்ளை டாக்டருக்குப் படிக்காராமே" என்று கேட்டால், "ஆமா, ஆனா ஊசி போடத் தெரியாது" என்று சொல்லிச் சிரிக்கிறவள் நான். அந்தச் சிரிப்புக்கு உள்ளே எவ்வளவு கர்வம் இருக்கிறது என்று உனக்குத் தெரியாது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். போன வருஷம் அந்தப் படத்தைப் பெரிதாக அச்சடித்து அனுப்பினாய் அல்லவா? அதை ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போய் எல்லாரிடமும் காட்டினேன். அப்புறம் தனியாக உட்கார்ந்து பார்த்தபோது, ஓரத்தில் இருந்த வில் என் கண்ணை உறுத்தியது. எங்கள் கேசட் என்பது பிலிமை வெளிச்சம் படாமல் மூடி வைக்கும் தகரப் பெட்டி. அதன் கீல் தளர்ந்தால் வெளிச்சம் உள்ளே கசிந்து, பிலிமின் ஓரத்தில் இப்படித்தான் வளைவாகக் கறுப்படிக்கும். உன் படத்தில் அது வெள்ளை, என் பிலிமில் கறுப்பு, வளைவு ஒன்றுதான். "மக்கா, இது வெளிச்சம் கசிஞ்ச மாதிரி இருக்கே, பார்த்தியா?" என்று ஒரு வரி எழுதினேன். எழுதிவிட்டு அடித்துவிட்டேன். அத்தனை பெரிய படிப்புப் படித்தவர்களுக்குத் தெரியாததா எனக்குத் தெரிந்துவிடப்போகிறது என்று அடக்க ஒடுக்கமாகப் பேனாவை மூடினேன். அந்த அடக்கத்துக்குப் பேர் கோழைத்தனம். ஒரு வருஷம் முந்தி நான் அந்த வரியை அடிக்காமல் விட்டிருந்தால் மமதாவுக்கு ஒரு வருஷமாவது மிஞ்சியிருக்கும். எவ்வளவு பெரிய படிப்பானாலும் சரி, இனிமேல் கண்ணில் பட்டதைச் சொல்லாமல் இருக்கமாட்டேன்.

இப்போது நான் உன்னிடம் எட்டு வருஷமாக மறைத்ததைச் சொல்கிறேன். நீ பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்த வருஷம் அது. பிலிமில் வலது எது இடது எது என்று தெரிய, கேசட்டின் ஓரத்தில் ஈயத்தால் செய்த எழுத்தை வைத்து எடுப்போம். வலதைக் காட்டுகிற எழுத்து தொலைந்துபோய், புதிது வாங்கித்தரச் சொல்லிக் கேட்டுக் கேட்டு எனக்கு வாய் வலித்துவிட்டது. கடைசியில் என் சேலையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றி, கேசட்டின் வலது மேல் மூலையில் பிளாஸ்திரி போட்டு ஒட்டினேன். ஊக்கு இருக்கும் பக்கம் வலது. அதுவே எங்கள் எக்ஸ்ரே அறையின் சட்டமாகிவிட்டது. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

ஐப்பசி மழையில் ஒருநாள், உவரியிலிருந்து மிக்கேல் என்று ஒருவரைக் கூட்டி வந்தார்கள். கடலுக்குப் போகிற ஆள். மூச்சு வாங்கி, உட்காரவும் முடியாமல் படுக்கவும் முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். இடது பக்க நெஞ்சில் நீர் கோத்திருந்தது. பனியனைக் கழற்றச் சொன்னேன். அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "கையத் தூக்க முடியாமக் கெடக்காரும்மா, அப்படியே எடுத்திருங்க" என்று அழுதாள். எனக்கும் மனசு கேட்கவில்லை. சரி என்றேன். அந்தப் பனியனின் இடது தோள்பட்டி கிழிந்து, அதை அந்தம்மா ஒரு ஊக்கால் குத்தி வைத்திருந்ததை நான் கவனிக்கவில்லை. என் ஊக்கு ஒட்டியிருந்த கேசட் இருட்டறையில் பிலிம் மாற்றப் போயிருந்தது. அவசரத்துக்கு ஊக்கு ஒட்டாத வேறொன்றை எடுத்துப் படம் பிடித்தேன்.

இருட்டறையில் பிலிமைக் கழுவித் தொங்கவிடுகிற வேலை பேச்சிமுத்து அண்ணாச்சிக்கு. என்னைவிட மூன்று வயது மூத்தவர், நான் வேலைக்குச் சேர்வதற்கு முன்பிருந்தே அங்கே இருந்தவர். ஈரம் சொட்டுகிற பிலிமை விளக்குப் பெட்டியில் வைத்துவிட்டு, "ம்மா, ஊக்கு மூலைல இல்லையே, தோள் எலும்புக்கு மேலல்லா கெடக்கு?" என்றார். வெளியே பதினாறு பேர் காத்திருந்தார்கள். "ஊக்கு இருக்க பக்கம் வலதுன்னு எத்தன வாட்டி சொல்லுதது, அண்ணாச்சி?" என்று சிடுசிடுத்துவிட்டு, வெள்ளைப் பென்சிலால் வலது என்று நானே எழுதினேன். நீர் அதிகமாகி இதயத்தையே மறுபக்கம் தள்ளியிருந்ததால், அந்தப் பிலிமைத் திருப்பிப் போட்டுப் பார்த்தபோது இதயம் இருக்க வேண்டிய இடத்தில் இருப்பது போலத்தான் தெரிந்தது. வார்டு டாக்டர் நீர் எடுக்க வலது பக்கத்தில் ஊசியை இறக்கினார். நெஞ்சைத் தட்டிப் பார்த்திருந்தால் அவருக்குத் தெரிந்திருக்கும். அது அவர் தப்பு, அதை அவர் சொல்லட்டும். என் தப்பு என்னுடையது. இருந்த ஒரு நல்ல நுரையீரலும் சுருங்கி, மிக்கேல் மூன்று நாள் சாவோடு மல்லுக்கட்டினார். பிழைத்துக்கொண்டார். மறுபடி கடலுக்குப் போக அவருக்கு ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது என்று பின்னால் கேள்விப்பட்டேன்.

விசாரித்தார்கள். எங்கள் பெரிய டாக்டர் மேசைக்கு அந்தப் பக்கம், நாங்கள் இந்தப் பக்கம். "பிலிமத் தொங்கவிட்டது யாரு?" என்றார். "நான்தான் சார்" என்றார் பேச்சிமுத்து அண்ணாச்சி. கேட்டதற்குப் பதில் சொன்னார், அவ்வளவுதான். திருப்பித் தொங்கவிட்டதால் வந்த வினை என்று அவர்களே முடிவு கட்டிவிட்டார்கள். அண்ணாச்சி என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன். மறுநாளிலிருந்து அவரை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். உன் படிப்புக்காகத்தான் மறைத்தேன் என்று இப்போது சொன்னால் உனக்கும் ஆறுதலாக இருக்கும், எனக்கும் ஆறுதலாக இருக்கும். ஆனால் அது பொய். உன் நினைப்பே அந்த நிமிஷத்தில் எனக்கு வரவில்லை. பயந்தேன், வாயை மூடினேன். யாருக்கும் தெரியப் போவதில்லை என்று எனக்கும் அன்று தோன்றியது.

இப்போது புரிகிறதா, உன் வரியைப் படித்ததும் எனக்கு ஏன் அப்படி எரிந்தது என்று? என் வாய்க்குள் இருந்ததை நீ எடுத்து எழுதியிருந்தாய். உன் கடிதத்தை உன் அப்பாவிடம் கொடுத்தேன். கூடவே என் கதையையும் முதல்முறையாகச் சொன்னேன். கோர்ட்டில் முப்பது வருஷம் குமாஸ்தாவாக இருந்த மனுஷர், இரண்டையும் ஒரே கட்டாகக் கட்டி மூலையில் வைக்கப் பார்த்தார். "ஏளா, பேசாம இருந்தா எல்லாம் தானா அடங்கிரும். அவனும் சின்னப் பையன், நீயும் ரிட்டயர்டு ஆகப் போறவ. இப்பப் போய் எதுக்கு வாயக் குடுத்துக்கிட்டு?" என்றார். "அடங்கிரும்னா எங்க அடங்குது? எட்டு வருஷமா என் தொண்டைலல்லா அடங்கிக் கெடக்கு" என்றேன். அதோடு என்னோடு பேச்சை நிறுத்திவிட்டார். சோறு மட்டும் நேரத்துக்குப் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஜங்ஷனில் சேரன்மகாதேவி பஸ் ஏறினேன். பேச்சிமுத்து அண்ணாச்சி அங்கேதான் வாழைத்தார் ஏலக்கடையில் தார் இறக்குகிறார், கன்னடியன் கால்வாய்க் கரையில் வீடு. அவர் எங்கே இருக்கிறார் என்பது எனக்கு எட்டு வருஷமாகவே தெரியும். வாசலில் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டுச் சங்கிலி மாட்டிக்கொண்டிருந்தார். "வாங்க" என்றார். கை கழுவ எழுந்திருக்கவில்லை. நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். ஊக்கு, பனியன், வெள்ளைப் பென்சில், காலண்டர். அழக்கூடாது என்று முடிவு செய்துகொண்டு போயிருந்தேன். அழவில்லை. அவர் சங்கிலியை மாட்டி முடித்து, பெடலை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் பேசினார்.

"எனக்கு அன்னைக்கே தெரியும்லாம்மா. நீங்கதான் எழுதினிய, நான் பக்கத்துலதான நின்னேன்."

"பெறவு ஏன் அண்ணாச்சி சொல்லல?"

"நான் சொன்னா எடுபடுமா? டிப்ளமா படிச்சது நீங்க. நீங்க சொல்லுவியன்னு இருந்தேன். அந்த ரூமுக்கு வெளிய வந்தும் ஒரு மணி நேரம் மரத்தடில நின்னேன். நீங்க வரல."

மன்னித்துவிடுங்கள் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். கறுப்பு மை பூசிய மாதிரி உள்ளங்கை முழுக்க எண்ணெய்.

"இத எங்கிட்ட வந்து சொல்லி என்ன செய்ய? எனக்குத் தெரியாததையா சொல்லுதிய? எம் பேரு இங்கனயா கெட்டுக் கெடக்கு? அங்கனல்லா கெடக்கு. அங்கன போய்ச் சொல்லுங்க."

அவர் மனைவி ஒரு தம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்துவிட்டுத் திரும்பி வந்தேன். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தபோது முதலில் எனக்கு அவமானமாகத்தான் இருந்தது. சுத்தமல்லி தாண்டும்போது அது போய் வேறொன்று வந்துவிட்டது. எட்டு வருஷமாக என்னைக் குனிய வைத்தது அந்தத் தப்பு இல்லை, அதை மூடி வைத்ததுதான் என்று தோன்றியது. தப்புச் செய்தவள் நான்தான், சரி. அதற்காக ஆயுள் முழுக்க என் நிழலுக்கே பயந்து நடக்க வேண்டும் என்று எந்தச் சட்டத்தில் எழுதியிருக்கிறது? திங்கட்கிழமை காலை பெரிய டாக்டர் அறைக்குப் போனேன். நடந்ததை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு மேசையில் வைத்தேன்.

படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இப்பத் தோண்டி என்னம்மா ஆகப்போகுது? இன்னும் மூணு மாசத்துல ரிட்டயர்டு ஆகப்போறீங்க. பொன்னாடை போத்தி, நல்லபடியா அனுப்பிவைக்கலாம்னு இருக்கோம். இத எடுத்துட்டுப் போங்க, நான் பார்க்கல" என்றார்.

"அந்தப் பொன்னாடையப் பேச்சிமுத்து அண்ணாச்சிக்குப் போத்துங்க சார்" என்றேன். "நீங்க பாக்கலேன்னா பரவாயில்ல. எல்லாரும் பாக்கற இடத்துல வைக்கேன்."

டியூட்டிப் பட்டியல் ஒட்டுகிற பலகை இருக்கிறதே, நர்சுகளிலிருந்து கூட்டுகிறவர்கள் வரை தினம் காலையில் எல்லாரும் முகத்தைத் திருப்பிப் பார்க்கிற இடம், அங்கே ஸ்கெட்ச் பேனாவால் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டினேன். உவரி மிக்கேல் பிலிமில் பக்கத்தை மாற்றி எழுதியது நான், பேச்சிமுத்து அல்ல, அவர் சந்தேகம் கேட்டார், நான் காதில் வாங்கவில்லை, விசாரணையில் நான் பேசாமல் இருந்தேன் என்று நாலு வரி. கீழே என் பெயர். மத்தியானத்துக்குள் கிழித்துவிட்டார்கள். செவ்வாய்க்கிழமை மறுபடி ஒட்டினேன். அதையும் கிழித்து, ஒழுங்கு நடவடிக்கை எடுக்கப்படும் என்று எனக்கு ஒரு தாள் வந்தது. நன்றாக எடுங்கள், அந்த விசாரணைக்காவது அண்ணாச்சியைக் கூப்பிடுங்கள் என்று அதற்குப் பின்பக்கத்திலேயே எழுதிக் கொடுத்தேன். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து மூன்றாவது தாளை எழுதிக்கொண்டிருந்தபோது, உன் அப்பா வெளியே போய்விட்டு வந்து, மேசையில் ஒரு கோந்து பாட்டிலை வைத்தார். "சோத்துப் பருக்கைய வச்சு ஒட்டினா கிழிக்கத்தான செய்வான்" என்றார். நாலைந்து நாளாகப் பேசாமல் இருந்த மனுஷர் முதலில் பேசிய பேச்சு அது. எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது. புதன்கிழமை ஒட்டியதையும் கிழித்தார்கள். வியாழக்கிழமை ஒட்டியதை யாரும் கிழிக்கவில்லை. கேண்டீன்காரர் முதற்கொண்டு நின்று வாய்விட்டுப் படித்துவிட்டுப் போகிறார்.

இதனால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. வழியனுப்பு விழா கிடையாது என்பது மட்டும் உறுதி. என்னோடு ஒரே பாத்திரத்தில் டீ குடித்த இரண்டு பேர் இப்போது என்னைக் கண்டால் வேறு வழியாகப் போகிறார்கள். போகட்டும். உன் பெரியப்பா நேற்று வந்து, குடும்ப மானம் போய்விட்டது என்று கத்தினார். மானம் எட்டு வருஷம் முந்தியே போய்விட்டது, இப்போதுதான் தேடிப் பிடித்துக்கொண்டு வருகிறேன் என்று சொன்னேன். காப்பியைக் குடிக்காமல் போய்விட்டார். இதை எழுதி முடித்ததும் நானும் உன் அப்பாவும் உவரிக்குப் பஸ் ஏறுகிறோம். மிக்கேல் திட்டுவார். கேட்டுக்கொண்டு நிற்பேன். அவர் என்ன சொல்லுவார் என்று தெரிந்துகொண்டா போக முடியும்?

ஏலே, உன் விஷயத்துக்கு வருகிறேன். வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டு சொல்லாதே. தொலைநோக்கியில் எக்ஸ்ரே பக்கவாட்டில் புகுந்து விழுகிற வில்லை உன்னைப் போல இன்னும் எத்தனை பேர் நட்சத்திரத் துண்டு என்று நினைத்து ஏமாறப் போகிறார்களோ, அவர்களுக்காக நிமிர்ந்து நின்று சொல். கட்டுரை வந்த அதே பத்திரிகைக்கு எழுது. "நான் சொன்னது தவறு, எப்படித் தவறு என்றும் நானே கண்டுபிடித்தேன்" என்று எழுது. வெளிநாட்டு வேலை போகும் என்றால் போகட்டும். பட்டம் ஒரு வருஷம் தள்ளிப்போகும் என்றால் தள்ளிப்போகட்டும், உனக்குச் சோறு போட நான் இன்னும் சாகவில்லை. உன் பேராசிரியர் கோபித்தால், பாளையங்கோட்டையில் ஒரு எக்ஸ்ரேக்காரி இருக்கிறாள், அவள் வளர்த்த வளர்ப்பு இப்படி என்று சொல்லிவிடு. வந்து அவர் என்னைக் கேட்கட்டும்.

ஆனால் பத்திரிகைக்கு எழுதுவதற்கு முன்னால் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. நீ எனக்கு ஆறு பக்கம் எழுதியிருக்கிறாய். மனசில் இருந்த பாரம் கொஞ்சம் இறங்கியிருக்கும். அம்மாவிடம் சொல்லிவிட்டோம் என்று இருந்திருக்கும். இருக்கக்கூடாது. என்னிடம் சொல்லி என்ன செய்ய? நானா உன் வில்லை நம்பிக் கணக்குப் போடுகிறேன்? நீ இதைப் படிக்கிற இந்த நேரத்திலும் அந்தப் பெண் இல்லாத ஒன்றின் வேகத்தைக் கணக்குப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். தெரிந்தே நீ அவளுக்குக் காலை வணக்கம் சொல்லிக்கொண்டிருக்கிறாய். எனக்குச் சேரன்மகாதேவி பஸ் ஏற எட்டு வருஷம் ஆனது. அவள் மேசை உன் மேசையிலிருந்து பத்தடி இருக்குமா? எழுந்திரு.